குரல் மட்டும் கேட்கும் பறவை – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கிறேன். பள்ளி ஆசிரியர் ஒருவர் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அழைத்துப்போனதில் தொடங்கியது இந்தப் பைத்தியம். போன மாதம் நண்பர்களோடு கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். வழிகாட்டி பத்தே நிமிடத்தில் தவளைவாயன் என்ற பறவையைக் காட்டிவிட்டார். படமும் எடுத்தேன். எனக்கு அது லைஃபர், அதாவது வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்த இனம். ஆனாலும் ஏனோ பெரிய சந்தோஷம் வரவில்லை.

சிறுமலை அடிவாரத்தில் அக்டோபரிலிருந்து ஆறுமணிக் குருவியின் குரல் கேட்கிறது. எப்போது போனாலும் ஒரே புதர்ப் பக்கம்தான். ஆனால் இன்றுவரை கண்ணில் படவில்லை. "புளூடூத் ஸ்பீக்கரில் அதன் குரலைப் போடு, வந்து நிற்கும், எல்லோரும் செய்வதுதான்" என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? இன்னொன்று. நண்பன் ஒருவன் ஆந்தைக் கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போட்டான். அடுத்த ஞாயிறே அங்கே கூட்டம். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

ஸ்பீக்கர் வேண்டாம்.

உங்கள் புதருக்குள் இருப்பது இமயமலை அடிவாரத்திலோ மத்திய இந்தியக் காடுகளிலோ மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து தெற்கே வந்த பறவை. வலுவாகப் பறக்கும் இனமும் அல்ல. வலசை வரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு வாசலிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். வந்த இடத்தில் அதற்கு இருக்கும் ஒரே வேலை சாப்பிடுவது. கோடை தொடங்கும்போது மறுபடி வடக்கே போயாக வேண்டும். நீங்கள் அதன் குரலை ஒலிக்கவிட்டால், தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று மேய்ச்சலை விட்டுவிட்டுத் தேடிவரும். இல்லாத எதிரியை எத்தனை நேரம் தேடும்? நீங்கள் ஒருமுறை செய்தால் பெரிய கேடு வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் அங்கே பறவை வெளியே வருகிறது என்று தெரிந்ததும் அடுத்த வாரம் வேறொருவர் வருவார், அதற்கடுத்த வாரம் நாலு பேர். அத்தனையும் அந்த ஒரே பறவையின் கணக்கில்தான் ஏறும்.

ஆராய்ச்சியாளர்கள் மட்டும் செய்யலாமா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜெர்டான் கல்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1848இல் பெயரிடப்பட்டு, 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டது என்றே நம்பப்பட்ட பறவை. 1986 ஜனவரியில் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தேடலில் மறுபடி கிடைத்தது. கண்டுபிடித்துக் கொடுத்தவர் அந்தப் புதர்க்காட்டை அறிந்த உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர். இரவில் நடமாடும் பறவை அது. அது எங்கெல்லாம் இருக்கிறது என்று பின்னால் எப்படித் தேடினார்கள் தெரியுமா? புதர்களுக்கு இடையே மண்ணைச் சலித்துப் பட்டையாகப் பரப்பிவைத்தார்கள். காலையில் போய் அதில் பதிந்த காலடித் தடங்களைப் படித்தார்கள். தானியங்கி கேமராவும் வைத்தார்கள். ஆம், பதிவுசெய்த குரலை அந்தியில் ஒலிக்கவிட்டும் தேடினார்கள். ஒரு காட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அங்கே அந்தப் பறவை இருப்பதை நிரூபித்தாக வேண்டும். அதற்காக அனுமதி வாங்கி, நேரமும் இடமும் வரையறுத்துச் செய்த வேலை அது. லைஃபருக்கும் படத்துக்கும் அந்த அவசியம் கிடையாது.

சரி, பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஒரே புதர்ப் பக்கம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அது சாதாரணத் தகவல் அல்ல.

இனி குரல் கேட்கும்போது போகாதீர்கள். அதற்கு முன்பே போங்கள். காலை ஆறு, மாலை ஆறை ஒட்டித்தான் அது ஒன்றிரண்டு முறை கூவும். பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்துகொள்ளும். கேட்டபின் ஓடினால் இருட்டில் காலடி ஓசையோடுதான் போய்ச் சேருவீர்கள். மாலை நாலரைக்கே போய், புதரிலிருந்து கொஞ்சம் தள்ளி, மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்க்காதீர்கள். அது தரையில் மேயும் பறவை. உங்கள் கண்ணும் புதருக்கு அடியில் தெரியும் இடுக்கின் உயரத்தில் இருக்க வேண்டும். பைனாகுலரை முன்கூட்டியே அந்தத் தூரத்துக்குச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறினால் ஒரே சலசலப்பாக இருக்கும், ஓயாது. இதன் ஓசை வேறு. இரண்டு தத்தல், ஓர் அமைதி, ஒரு சருகு புரளும் சத்தம், மறுபடி அமைதி. அந்தத் திசையில் கறுப்புக் கண்பட்டையும் அதன் மேல் வெள்ளைப் புருவமும்தான் முதலில் தெரியும். பச்சை முதுகு நிழலில் கரைந்துவிடும். அலகால் ஒரு சருகைப் புரட்டிப் போட்டுவிட்டு அசையாமல் நிற்கும். குட்டை வால் மட்டும் மெதுவாக மேலும் கீழும் ஆடும். மண்புழுவோ புழுவோ கிடைத்தால் ஒரே இழுப்பு. திரும்பும்போது அடிவயிற்றின் சிவப்பைப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் கேமராவை எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கை அசைந்தால் போயிற்று.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் கொடைக்கானல் பக்கம் போங்கள். வட்டக்கானலிலோ பாம்பே சோலையிலோ விடியற்காலையில் ஓரமாக உட்கார்ந்தால் வெண்வயிற்றுச் சோலைக்கிளி பாதையில் இறங்கி இரை தேடும். கருநீலத்தில் சின்னப் பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைச் சோலைகளில்தான் இருக்கிறது. வடக்கே நீலகிரியில் இருப்பது வேறோர் இனம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை உங்களுக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது!

தட்டேக்காட்டில் சந்தோஷம் வராததற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம். தவளைவாயன் பகலில் காய்ந்த இலைபோல ஒட்டி உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் சாம்பல் நிற ஆணும் செம்பழுப்புப் பெண்ணும் ஜோடியாக. நம்மைப் போன்றவர்கள் அதைத் தாண்டி நடந்துபோய்விடுவோம். வழிகாட்டிக்கு அந்தக் கொடி தெரியும், போன வாரம் எங்கே உட்கார்ந்தது என்பதும் தெரியும். கண்டுபிடித்த சந்தோஷம் அவருடையது, அதை அவர் உழைத்துச் சம்பாதித்திருக்கிறார். அடுத்த முறை போனால், முதலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். படத்தைவிடப் பெரிய விஷயம் கிடைக்கும்.

கூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்லியிருக்க வேண்டும், இப்போதும் சொல்லலாம். தவளைவாயன் இடுவது ஒரே ஒரு முட்டை. பாசியால் ஆன சின்ன மெத்தை போன்ற கூட்டில் பகல் முழுக்க ஆண் அடைகாக்கும். அது ஒருமுறை பயந்து பறந்தால் அந்த வெள்ளை முட்டை திறந்து கிடக்கும், காக்கை ஒன்று போதும். ஆந்தைக்கும் இதே ஆபத்துதான், மனிதர்கள் கூடுமிடத்தைக் காக்கை கவனிக்காமல் விடாது. முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நண்பனைக் குற்றவாளியாக்காமல், தனியாகக் கூப்பிட்டு அந்தப் பதிவை நீக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெரியாமல்தான் செய்கிறார்கள்.

குரல் மட்டும் கேட்டதையும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றலாம், பார்த்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அக்டோபரில் முதலில் கேட்ட தேதி நோட்டில் இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். இனி வாரம் ஒருமுறையாவது போய்க் கேட்டுக் குறித்துவையுங்கள். ஏப்ரல் வாக்கில் ஒருநாள் சத்தம் நின்றுவிடும். கடைசியாகக் கேட்ட தேதியை எனக்கும் எழுதுங்கள்.