அப்பாவின் அத்தை மகள் நமக்கு என்ன முறை?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன எங்கள் சொந்தம் ஒன்று கோத்தகிரியிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறது. வருகிறவர் அப்பாவின் சொந்த அத்தை மகள். அண்ணன் அவரை "அத்தை" என்கிறான், அப்பாயி "பெரியம்மா" என்கிறார். அவர் மகனுக்கு என் தங்கச்சியைக் கேட்கும் பேச்சும் அடிபடுகிறது. எது முறை?

அப்பாயி சொல்வதுதான் சரி. அத்தை மகள் உங்கள் அப்பாவுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. அப்படிப்பட்ட பெண் பிள்ளைகளுக்குத் தாய் முறை: அம்மாவைவிட மூத்தவர் என்றால் பெரியம்மா, இளையவர் என்றால் சின்னம்மா. "அத்தை" என்று கூப்பிட்டால் அப்பாவுக்கு அவரைத் தங்கச்சி ஆக்கிவிடுவீர்கள். ஆக, அவர் மகன் உங்களுக்கு அண்ணன் தம்பி முறை. "அத்தை மகள் பிள்ளைதானே, மச்சான் ஆகமாட்டானா" என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அந்த அத்தை அப்பாவுக்கு அத்தை, உங்களுக்குப் பாட்டி முறை.

எந்தச் சொந்தத்துக்கும் முறை கண்டுபிடிக்க, உடன்பிறந்த இரண்டு பெரியவர்களைத் தாளின் மேலே எழுதி, படிப்படியாகக் கீழே இறங்குங்கள். ஒரு படியில் இருக்கும் இருவரும் ஆணும் ஆணும், அல்லது பெண்ணும் பெண்ணும் என்றால் அவர்களுடைய முறை அப்படியே பிள்ளைகளுக்கு இறங்கும். அண்ணன் தம்பி பிள்ளைகள் அண்ணன் தம்பி. மச்சான்மார் பிள்ளைகள் மச்சான்மார். ஆணும் பெண்ணும் என்றால் முறை புரளும். அண்ணன் தங்கச்சி பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை; கட்டிக்கொள்ளும் முறையில் உள்ளவர்களின் பிள்ளைகள் உடன்பிறப்பு முறை.

உங்கள் கணக்கில் தாத்தாவும் அவர் தங்கச்சியும்: ஒருமுறை புரண்டது. அப்பாவும் அந்த அத்தை மகளும்: மறுபடி புரண்டது. வருகிறவர் அத்தை மகளாக இல்லாமல் அத்தை மகனாக இருந்திருந்தால், இரண்டாவது புரட்டல் இல்லை. அவர் மகன் தங்கச்சிக்கு மச்சான்தான்.

பிசகுவது பெரும்பாலும் லயத்து முறையால், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் அக்கம்பக்கத்தாரைச் சொந்தம்போலக் கூப்பிடும் பழக்கத்தால். பக்கத்துக் காம்பராக்காரரைச் சின்னப் பிள்ளையிலிருந்து "மாமா" என்று கூப்பிட்டுப் பழகி, பிறகு அதையே சொந்தமாக எண்ணிவிடுகிறோம். அது கணக்கில் சேராது. வயதும் சேராது, உங்களைவிட இளைய சித்தப்பா இருக்கலாம், அவர் சித்தப்பாதான்.

இன்னொன்று, இரட்டைச் சொந்தம். அந்தப் பெரியம்மாவின் கணவர் உங்கள் அம்மாவுக்கு அண்ணன் முறை என்று தெரியவந்தால், அந்த வழியில் அவர் மகன் மச்சான் ஆகிவிடுவார். இப்படி மோதும்போது கிட்டின வழியைப் பெரியவர்கள் எடுப்பார்கள். உங்களுடையது சொந்த அத்தை வழி, மிகவும் கிட்டினது. பேச்சை இப்போதே நிறுத்துவது நல்லது. தாத்தா பெயரில் குழப்பம் இருந்தால் இலங்கைப் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பாட்டனார் இங்கே பிறந்தவர் என்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதும் கூடு அதில் உண்டு.

சட்டம் வேறு கணக்கு. உங்கள் தங்கச்சி விஷயத்தை விவாகப் பதிவாளர் தடுக்கமாட்டார், சொந்தபந்தம்தான் தடுக்கும். ஆனால் தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது தமிழ்நாட்டில் பல சமூகங்களில் வழக்கம், அங்கே செல்லும். இலங்கையின் பொது விவாகச் சட்டத்தில் அது செல்லாது; அக்கா ஒரே அப்பாவுக்கு வேறு அம்மா பெற்றவராக இருந்தாலும் செல்லாது. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்துக்கு இங்கே தடையில்லை.