எந்தையும் இலமே – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன தை மாதம் அப்பா தவறிவிட்டார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'ஆலமரமே சாய்ந்தாயே' என்றுதான் வருகிறது, கண்ணீர் அஞ்சலி பேனரில் போடுவதைப் போல. சாவைக் கவிதையாக்குவதே தப்போ என்றும் தோன்றுகிறது. காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு கொறங்காடு, மேய்ச்சல் காடு, உண்டு. அதன் கிளுவை வேலியை அப்பாதான் வருசா வருசம் அடைப்பார். இப்போது அண்ணன் அந்தக் காட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். இதற்கும் கவிதைக்கும் சம்பந்தமில்லை, மனசு ஆறாமல் சொல்லிவிட்டேன்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணி,

சம்பந்தம் இருக்கிறது. தகப்பனும் குன்றும் பறிபோனபின் வள்ளல் பாரியின் மகளிர் பாடிய புறநானூறு 112ஆம் பாட்டைப் பாருங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

கண்ணீர் என்ற சொல்லே இதில் இல்லை. பகை வேந்தருக்குக்கூட 'வென்றெறி முரசின்' என்று அடைமொழி உண்டு. ஊரே வள்ளல் என்று கொண்டாடிய தகப்பனுக்கு ஒன்றும் இல்லை, வெறும் 'எந்தை'. அன்று இருந்தார், இன்று இல்லை. அன்று குன்று எங்களுடையது, இன்று இல்லை. இரண்டு இழப்பையும் அந்தப் பெண்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் பக்கத்து ஒப்பாரியும் அப்படித்தானே? 'என்னப் பெத்த அய்யா' என்று தொடங்கும் மகள், நோம்பிக்கு (பண்டிகைக்கு) இனி யார் வந்து கூப்பிடுவார், பொறந்த ஊட்டில் எனக்கு இனி என்ன இடம் என்று கேட்டுத்தான் அழுவாள். எழவு வீட்டில் சொத்துப் பேச்சு என்று அதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒப்பாரி புரியவில்லை என்பேன். தகப்பன் போனால் ஒரு பெண்ணுக்கு எதெல்லாம் போகிறது என்பதை அவளே சபையில் சொல்கிற இடம் அது.

ஆலமரம் யார் அப்பாவுக்கும் பொருந்தும். அந்தக் கொறங்காட்டில் எத்தனை உருப்படி மேய்ந்தது, வேலியில் எந்தச் சந்தில் ஆடு நுழையும், படலை யார் சாத்துவார் என்பது உங்கள் அப்பாவோடு மட்டும் சேர்ந்தது. அதை எழுதுங்கள். விலை பேச வந்தவர்கள் வேலி ஓரமாக நடந்ததையும் எழுதுங்கள். அண்ணனைத் திட்ட வேண்டியதில்லை. நடந்ததை வரிசையாக வைத்தாலே போதும்.

சாவைக் கவிதையாக்குவது தப்போ என்று கேட்டிருந்தீர்கள். பட்டினத்தார் துறவி. உறவை அறுத்துக்கொண்டு போனவர், தாய்க்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார். 'விறகிலிட்டுத் தீமூட்டு வேன்' என்று தன் கை செய்யும் வேலையைச் சொல்லியே அழுதார். 'நேற்றிருந்தாள் இன்றுவெந்து நீறானாள்' என்றவர், அடுத்த மூச்சிலேயே 'பால்தெளிக்க எல்லீரும் வாருங்கள்' என்று ஊரை அழைக்கிறார். துக்கத்தை அவர் ஒளித்துவைக்கவில்லை.

நீங்களும் ஒளிக்க வேண்டாம். வருசத் திதிக்கு முன் எழுதி முடித்து, அம்மாவுக்கும் ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். 'இது அப்படி நடக்கலயே கண்ணு' என்று அவர்கள் சொல்லும் வரியை மாற்றுங்கள். 'நல்லாருக்குது' என்று மட்டும் சொன்னால், இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.