அவுசங்காத்தே மலைநடை: யாரோடு போவது?

கேள்வி: நாங்கள் கோவையைச் சேர்ந்த நான்கு பேர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இருவர் சைவம். வெள்ளியங்கிரி ஏறிய அனுபவம் உண்டு. வருகிற ஜூனில் பெரு நாட்டின் அவுசங்காத்தே மலையைச் சுற்றி நடக்க ஆசை. மலையைக் கும்பிடும் கெச்சுவா மக்களோடு போக வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். மூன்று இடங்களில் விசாரித்தோம். ஒரு நிறுவனம் ஷாமன் சடங்கும் அயவாஸ்கா இரவும் சேர்த்துத் தருகிறது. இன்னொன்றில் விலை குறைவு, ஆனால் பன்னிரண்டு பேர் குழு. மூன்றாமவர் அந்த மலையடிவாரத்துக் கெச்சுவாக்காரர் என்கிறார், சிறு குழுதான், ஆனால் அவருடைய வலைத்தளமே அரைகுறையாக இருக்கிறது. யாரை நம்புவது?

பதில்: முதல் நிறுவனத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அயவாஸ்கா என்ற மயக்கக் காட்சிகள் தரும் பானம் அமேசான் காட்டு மக்களுடையது. ஷிப்பிபோ போன்ற இனத்தார் கொடியையும் இலையையும் காய்ச்சி, தங்கள் வைத்தியரின் மேற்பார்வையில் குடிப்பது. அவுசங்காத்தேயைச் சுற்றி அல்பாக்காவும் லாமாவும் மேய்க்கிற குடும்பங்களின் வழிபாட்டில் அதற்கு வேலையே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பவர் இந்த மலைக்கும் உண்மையாக இல்லை, அந்தக் காட்டுக்கும் உண்மையாக இல்லை. உடம்புக்கும் அது ஆபத்து. மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் உயிருக்கே உலை வைக்கும். அதனால் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும், காற்று மெலிந்த உயரத்தில், சர்க்கரை உள்ளவருக்குச் சாதாரண விஷயமல்ல.

மலை வழிபாட்டைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அது அங்கே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், மீதி இரண்டு பேரில் யார் என்பது தானாகவே தெளிவாகிவிடும். 6,384 மீட்டர் உயரமுள்ள அவுசங்காத்தே குஸ்கோ வட்டாரத்திலேயே பெரிய மலை. சுற்றுவட்டார மக்களுக்கு அது ஓர் 'அப்பு', அதாவது பெரியவர், காவலர். மந்தை பெருகுவதும் ஓடையில் தண்ணீர் வருவதும் அவர் கையில். அதனால் அவரோடு பேசுவது அன்றாட வேலையின் ஒரு பகுதி. காலையில் நடை தொடங்கும் முன், சுமைக் குதிரைகளோடு கூட வரும் குதிரைக்காரர் நல்லதாக மூன்று கோக்கா இலைகளைப் பொறுக்கி, விசிறிபோல் விரலிடுக்கில் பிடித்து, வாயருகே வைத்து மெல்ல ஊதுவார். ஊதும்போது சுற்றியுள்ள மலைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். சிச்சா என்ற மக்காச்சோளக் கள்ளைக் குடிப்பதற்கு முன் சில துளிகள் மண்ணுக்கு, பச்சமாமா என்ற பூமித்தாய்க்கு. கணவாயின் உச்சியில் கற்குவியல் இருக்கும், அதில் தன் பங்குக்கு ஒரு கல் வைப்பார். எதற்கும் முன்னறிவிப்பு கிடையாது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பெரிய குழுக்களில் இதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். வழக்கமான ஏற்பாட்டில் குதிரைக்காரரும் சமையல்காரரும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டு உங்களை முந்திப் போய்விடுவார்கள். மாலையில் நீங்கள் போய்ச் சேரும்போது சாப்பாடு தயாராக இருக்கும், அவ்வளவுதான். அந்த மலையை உண்மையில் அறிந்தவரோடு உங்களுக்குப் பேச்சே நடக்காது. குழு சிறியதாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். நான்கு பேர் என்றால் ஒரே கூடாரத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம், குதிரைக்காரரின் வீட்டில் நின்று போகலாம், ஒருவர் களைத்தால் அன்றைய நடையைக் குறைக்கலாம்.

ஆக, மூன்றாமவர்தான். வலைத்தளம் அரைகுறையாக இருப்பதைக் குறையாக எடுக்காதீர்கள். ஆனால் 'கெச்சுவாக்காரர்' என்ற ஒரு சொல்லை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் வேண்டாம். குஸ்கோ நகரில் வளர்ந்தவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், அதில் பொய்யும் இல்லை. எந்த ஊர் என்று கேளுங்கள். திங்கி, உப்பீஸ், பச்சாந்தா, சில்கா என்று ஓர் ஊரின் பெயர் வர வேண்டும். குதிரைகள் யாருடையவை, அவற்றோடு வரப்போகிறவர் யார், ஒரு நாளைக்கு ஒரு குதிரைக்கும் குதிரைக்காரருக்கும் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல வழிகாட்டி இதை எதிர்பார்த்தே இருப்பார். வழியில் ஊர்ச் சமூகங்கள் தங்கள் நிலத்தில் நடக்கிறவர்களிடம் சிறு நுழைவுக் கட்டணம் வாங்கும். அது மொத்தத் தொகையில் அடக்கமா, இல்லை நீங்கள் பெரு நாட்டுப் பணமான சோல் நோட்டாகக் கையில் வைத்திருக்க வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கான அரசு அடையாள அட்டையின் நகலும் வேண்டும். கெச்சுவா பேசத் தெரிவது மட்டும் போதாது. முதலுதவிப் பயிற்சி, ஆக்சிஜன் உருளை, செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவை இருக்கின்றனவா என்பதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

கூடாரம் ஒத்துவராது என்றால், அந்தப் பக்கம் சில்கா, ஒசெஃபினா ஊர்ச் சமூகங்கள் பங்குதாரர்களாக உள்ள மலை விடுதிகளும் இருக்கின்றன. விலை கூடுதல், குளிர் குறைவு.

சடங்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'தெஸ்பாச்சோ' என்பது பெரிய படையல். காகிதத்தை விரித்து கோக்கா இலை, மக்காச்சோளம், பூ, இனிப்பு, கடற்சிப்பி, லாமாக் கொழுப்பு எல்லாவற்றையும் அடுக்கி, மடித்துக் கட்டி, நெருப்பில் இடுவார்கள் அல்லது புதைப்பார்கள். சில படையல்களில் காய்ந்த லாமாக் கருவும் சேரும். உங்களில் சைவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அங்கே போய் முகம் சுளித்தால் செய்கிறவர் மனம் நோகும். ஆகஸ்ட் மாதத்தில் நிலம் வாய் திறந்து பசியோடு இருக்கிறது என்பது நம்பிக்கை, அதனால் படையல்கள் அப்போதுதான் அதிகம். ஜூனில் உங்களுக்காக ஒருவர் செய்தால் அது போலி என்று அர்த்தமில்லை. பயணத்துக்கு முன் மலையிடம் அனுமதி கேட்பது பழைய வழக்கம்தான். இதைச் செய்கிற 'பாக்கோ' பணம் வாங்குவதும் தவறில்லை. ஊர்க்காரர்களும் அவருக்கு ஏதாவது கொடுத்துத்தான் செய்துகொள்கிறார்கள்.

நான் சந்தேகப்படுவது வேறு இடத்தில். ஒவ்வொரு மாலையும் ஒரு சடங்கு என்று பட்டியல் போட்டிருந்தால், 'உங்கள் சக்தியைத் தூய்மைப்படுத்துவோம்' என்று வாக்குறுதி இருந்தால், பாக்கோவின் ஊரைக் கேட்டால் வெறுமனே 'கேரோ' என்று பதில் வந்தால், ஒதுங்கிவிடுங்கள். கேரோ மக்கள் பவுகார்தம்போ மாகாணத்தின் உயரமான ஊர்களில் வாழ்கிறார்கள், அவர்களுடைய பாக்கோக்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையாலேயே குஸ்கோ கடைத்தெருவில் அந்தப் பெயர் விளம்பரமாகப் பயன்படுகிறது. ஊரின் பெயரைச் சொல்ல முடிகிறவரோடு உட்காருங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பையில் போடுங்கள், கழுத்தில் தொங்கவிட்டிருந்தாலும் அது அவரை உறுத்தும்.

இனி உயரம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயணம் நடப்பதும் நடக்காமல் போவதும் இதில்தான் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நீங்கள் விமானம் இறங்கப்போகும் குஸ்கோ நகரமே 3,400 மீட்டர். நடை தொடங்கும் திங்கி ஏறக்குறைய 3,800, பலோமானி கணவாய் 5,100 மீட்டருக்கும் மேல். வெள்ளியங்கிரி ஏறிய கால்கள் உதவும், நுரையீரலுக்கு அது ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்காது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. குஸ்கோவில் இறங்கியதும் உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். அங்கே 2,900 மீட்டருக்குள்தான். இரண்டு மூன்று இரவுகள் அங்கே, அப்புறம் குஸ்கோவில் இரண்டு இரவுகள், அதன் பிறகே திங்கி.

சுற்றுப்பாதை சுமார் 70 கிலோமீட்டர். ஐந்து நாளில் முடிக்கலாம் என்பார்கள், ஆறு நாள் கேளுங்கள். இந்தப் பாதையின் சிக்கல் என்னவென்றால், முகாம்கள் எல்லாமே 4,000 மீட்டருக்கு மேல். பாதி வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் சட்டென்று இறங்கத் தாழ்வான இடம் பக்கத்தில் கிடையாது. எனவே சுமை ஏற்றாத குதிரை ஒன்று கூடவே வர வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, இரவாக இருந்தாலும் அன்றே இறக்கிவிட வேண்டும். உயர நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு மட்டும் போடுங்கள், முக்கியமாக சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள். சர்க்கரை உள்ளவர் இன்சுலின் போடுகிறவர் என்றால் அதை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருக்க வேண்டும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகும், உறைந்த இன்சுலின் பயன்படாது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தப்பாகக் காட்டும், அதையும் கதகதப்பாக வைத்திருங்கள்.

தேதியைப் பொறுத்தவரை ஒன்று. ஈஸ்டருக்கு 58 நாள் கழித்து, அதாவது பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ, பக்கத்துச் சினக்காரா பள்ளத்தாக்கில் கொய்யுரித்தி யாத்திரை தொடங்கும். பல்லாயிரம் பேர் கூடுவார்கள், யுனெஸ்கோ 2011இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த விழா அது. எட்டுப் 'பிரிவு'களாக ஆட்டக் குழுக்களோடு வருவார்கள். கரடிவேடம் போட்ட உகுகுக்கள்தான் ஒழுங்கைப் பார்த்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் பனியாற்றிலிருந்து பனிக்கட்டியை வெட்டித் தோளில் சுமந்து இறக்குவார்கள். பனி உருகிக் குறைந்துகொண்டே வருவதால் அவர்களே அந்த வழக்கத்தை நிறுத்திக்கொண்டார்கள். மலையின் மேல் அக்கறை என்றால் அது. அந்த நாட்களில் நடையை வைக்காதீர்கள், மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கும் அது திருவிழா நேரம். உங்கள் வழிகாட்டி தன் குழுவோடு வரும்படி அவராகவே அழைத்தால் மட்டும் போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. உருளைக்கிழங்கு, அதையே பனியில் உறையவைத்துக் காயப்போட்ட சுன்யோ, கினோவா, மக்காச்சோளம் எல்லாம் அந்த மண்ணின் உணவுதான். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ப்பது வழக்கம் என்பதால், 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு நிற்காமல் சாறும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கோக்கா. பெருவில் இலையை மெல்வதும் அதில் தேநீர் போட்டுக் குடிப்பதும் சட்டப்படி சரி, உங்களுக்கும் தருவார்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கொக்கேன் எடுக்கப்படுவது இந்த இலையிலிருந்துதான் என்பதால், இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி கோக்கா இலையை வைத்திருப்பதே குற்றம். வழியில் விமானம் மாறும் நாடுகள் பலவற்றிலும் அப்படித்தான். தேநீர்ப் பை, மிட்டாய், யாராவது அன்பாகக் கையில் திணித்த நாலு இலை எதுவானாலும், குஸ்கோவிலிருந்து கிளம்பும் முன் நான்கு பேரும் பைகளைக் கொட்டி, சட்டைப் பாக்கெட் உட்பட ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.