படங்களோடு கூடிய காலக்கோடுகளை வைத்து உலக வரலாற்றைப் படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

முடியும். எனக்கு உலக வரலாறு பிடிபட்டதே அப்படித்தான். பள்ளியில் தேசம் தேசமாகப் படித்தோம். கிரேக்கம் ஒரு பாடம், ரோம் ஒரு பாடம், சீனா ஒரு பாடம், சோழர்கள் வேறொரு வகுப்பில். எல்லாம் தனித்தனியாக நினைவில் நின்றதே தவிர, எது நடந்தபோது வேறெங்கே என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. காலக்கோடு தீர்ப்பது இந்தக் குறையைத்தான். ஆனால் கடையில் சுருட்டி விற்கிற எல்லா சார்ட்டும் இதைச் செய்யாது. எது நல்ல சார்ட் என்று கண்டுகொள்ளத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அளவைப் பாருங்கள். ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பெயரை ஆக்ஸிஜன் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஆராய்ச்சிக்கு முன்பு அவர் இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ஊரில் ஆசிரியராக இருந்தார். 1765ல் அவர் வெளியிட்ட ஒரு சார்ட்டில் கி.மு. 1200 முதல் கி.பி. 1800 வரை ஏறக்குறைய 2000 பேரின் வாழ்நாள் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். நீண்ட நாள் வாழ்ந்தவருக்கு நீளக் கோடு, இளம் வயதில் போனவருக்குச் சின்னக் கோடு. எந்த நூற்றாண்டாக இருந்தாலும் தாளில் அதற்கு ஒரே அகலம். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் இந்தச் சம அளவுதான் முழு விஷயமுமே. இப்போது வரும் பல வண்ண சார்ட்டுகளில் எகிப்தின் 3000 ஆண்டுகளை ஒரு கட்டத்தில் அடக்கிவிட்டு, கடைசி 200 ஆண்டுகளுக்குப் பாதித் தாளைக் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காலத்தின் நீளமே தப்பாகப் பதியும்.

பிரீஸ்ட்லியின் சார்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கோடுகளின் முனைகள். பிறந்த ஆண்டோ இறந்த ஆண்டோ உறுதியாகத் தெரியாத இடத்தில் அவர் புள்ளிகளை வைத்தார். இது தெரியும், இது தோராயம் என்ற வித்தியாசம் படத்திலேயே இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் புத்தர் பிறப்பு கி.மு. 563 என்று ஒரே போடாகப் போட்டிருப்பார்கள். அவர் காலத்தைப் பல பத்தாண்டுகள் பின்னே தள்ளி, மறைவை கி.மு. 400ஐ ஒட்டி வைக்கும் ஆய்வாளர்கள் நிறையப் பேர் உண்டு. அங்கே ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்தால் மாணவர்களுக்கு எவ்வளவோ புரியும்!

1769ல் பிரீஸ்ட்லி இன்னொரு சார்ட் போட்டார். அதை பெஞ்சமின் பிராங்க்ளினுக்குச் சமர்ப்பித்தார். இதில் ஆட்களுக்குப் பதிலாக அரசுகள். காலம் இடமிருந்து வலமாக ஓடும், நிலப்பகுதிகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். குறுக்காகப் படித்தால் ஒரு நாட்டின் கதை. ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்துப் படித்தால் ஒரே சமயத்தில் உலகம் முழுக்க இருந்த நிலை. இந்த இரண்டாவது படிப்பைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். ஸ்கேலை 1020களில் வையுங்கள். 1025ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசைத் தாக்குகின்றன. "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்று அவன் கல்வெட்டுகளில் வரும் புகழ்ப்பாட்டான மெய்க்கீர்த்தி பாடுவது இதைத்தான். 1026 தொடக்கத்தில் கஜினி மஹ்மூத் குஜராத்தின் சோம்நாத்தில் இருக்கிறார். 1025 டிசம்பரில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பேசில் சாகிறார். அதே ஆண்டுவாக்கில் பாரசீகத்தில் இப்னு சீனா தன் மருத்துவப் பெருநூலை முடிக்கிறார். 1024ல் சீனாவின் சிச்சுவானில் சொங் வம்ச அரசு தாள் பணம் வெளியிடுகிறது. அங்கே புழங்கியது இரும்புக் காசு; அதைச் சுமக்க முடியாமல் வணிகர்கள் ஏற்கெனவே சீட்டுக்குப் போயிருந்தார்கள், அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

அப்புறம் அட்லாண்டிக்கைத் தாண்டுங்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில், லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் 1021ல் நார்ஸ் மக்கள் (வைக்கிங்குகள்) மரம் வெட்டியிருக்கிறார்கள். ஆண்டை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது எப்படி? 993ல் வானிலிருந்து வந்த கதிர்வீச்சு அந்த ஆண்டின் மரவளையங்களில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவைத் திடீரென்று கூட்டிவிட்டது. அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு பட்டை வரை எண்ணினால் 28 வளையங்கள். 993ம் 28ம் சேர்ந்தால் 1021. மரமே தனக்குள் ஒரு காலக்கோட்டை வைத்திருந்திருக்கிறது. இதை முதல் தடவை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ராஜேந்திரன் அரியணையில் இருந்த அந்த ஆண்டில்!

காலக்கோடு எப்போது என்று காட்டும். ஏன் என்று காட்டாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும். சோழத் தூதர்கள் 1015லும் 1033லும் சீன அரசவைக்குப் போயிருக்கிறார்கள். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில்தான் 1025 படையெடுப்பு. தமிழகத்துக்கும் சீனாவுக்கும் இடையிலான கடல்வழியில், மலாக்கா நீரிணையில் உட்கார்ந்திருந்தது ஸ்ரீவிஜயம். மூன்று ஆண்டுகளையும் ஒரே கோட்டில் குறித்தவர் அடுத்து வரைபடத்தைத் திறக்காமல் இருக்க மாட்டார்.

சரி, பெயர் பெற்ற சில சார்ட்டுகளைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகனில் செபாஸ்டியன் ஆடம்ஸ் 1871ல் வெளியிட்டது ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். படங்களும் ஆறுகள் போல ஓடும் வண்ணப் பட்டைகளுமாக அவ்வளவு அழகு. ஆனால் அது கி.மு. 4004ல் ஆதாம் ஏவாளோடு தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் பைபிளிலிருந்து கணக்குப் போட்டுச் சொன்ன ஆண்டு அது. 19ஆம் நூற்றாண்டு மனிதர் உலகத்தை எப்படிப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள அருமையான பொருள். பிள்ளைக்குப் பண்டைய வரலாறு சொல்லித்தர அதை வாங்காதீர்கள். 1931ல் வந்த ஜான் ஸ்பார்க்ஸின் 'ஹிஸ்டோமேப்' வேறு வகை. 4000 ஆண்டுகள் மேலிருந்து கீழே இறங்கும். எந்த நாட்டுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு அகலம். பார்த்தவுடன் கவரும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பலத்தை அளக்க எந்த அளவுகோலும் கிடையாது, அகலம் எல்லாம் வரைந்தவரின் தீர்ப்பு. தாளின் அகலம் மாறாததால், ஒருவர் வளர வேண்டுமென்றால் இன்னொருவர் சுருங்கியே ஆக வேண்டும். இரண்டு நாடுகள் சேர்ந்து செழித்த காலத்தை அந்தப் படத்தில் வரையவே முடியாது. ஆடம்ஸின் சார்ட்டும் இதுவும் டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பின் தளத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கக் கிடைக்கின்றன. போனில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள்.

படங்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரு படத்தை எடுத்தால், அது காட்டும் ஆண்டு ஒன்று, அது வரையப்பட்ட ஆண்டு இன்னொன்று. கொலம்பஸ் என்றதும் எல்லா சார்ட்டிலும் வரும் அந்த முகத்தை செபாஸ்தியானோ தெல் பியோம்போ 1519ல் வரைந்தார். கொலம்பஸ் இறந்தது 1506ல். அவரை நேரில் பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க படம் ஒன்றுகூட இல்லை. இதற்கு நேர்மாறு பேயோ திரைச்சீலை. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதை, ஏறக்குறைய 70 மீட்டர் துணியில் தைக்கப்பட்டது. அந்தத் தலைமுறையே செய்தது. அதில் ஒரு கூட்டம் வானத்தைக் காட்டி மிரண்டு நிற்கும். மேலே வால் முளைத்த நட்சத்திரம். அது அந்த ஆண்டு வந்த ஹாலி வால்நட்சத்திரம். இப்படி அந்தக் காலத்து ஆட்களே செய்த காசு, சிற்பம், துணி, கல்வெட்டு இவற்றின் படங்களையே ஒட்டுங்கள். ராஜேந்திரனுக்கு இன்றைய ஓவியம் வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் தன் அடியார் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது, அவன் காலத்திலேயே செதுக்கியது.

கடையில் வாங்குவதைவிட நீங்களே ஒன்று போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஸ்டேஷனரி கடையில் பில் ரோல் கிடைக்கும். வழவழப்பான தெர்மல் ரோலை விட்டுவிட்டு சாதாரணத் தாள் ரோல் கேளுங்கள், பேனா மை நன்றாகப் பிடிக்கும். 1 செ.மீ. என்றால் 10 ஆண்டு. அப்படியென்றால் 1000 ஆண்டுக்கு 1 மீட்டர், எழுத்து தோன்றிய காலத்திலிருந்து இன்று வரை 5 மீட்டர் சொச்சம். வீட்டு வராந்தாவில் அடங்கிவிடும். மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டையும் இதே அளவில் ஒட்ட வேண்டுமென்றால் 300 மீட்டர், தெருமுனை வரை போக வேண்டும். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ஜிய ஆண்டு கிடையாது என்பதைக் கோடு போடும்போது கவனியுங்கள்.

முதலிலேயே 5 மீட்டரையும் நிரப்பப் பார்த்தால் சலித்துவிடும். ஒரு நூற்றாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் நூற்றாண்டு நமக்கு வசதி, தஞ்சைப் பெரிய கோவில் 1010ல் நிறைவுபெறுகிறது, அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். நிலப்பகுதிக்கு ஒரு ரோல் என்று ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். எழுதத் தொடங்கும் முன்பே ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் ரோல் ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் இடமே இருக்காது. அவற்றில் என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டாம். 1068ல் ஸ்பெயினில் இருந்த அல்-பக்ரி என்ற புவியியலாளர், பயணிகள் சொன்னதைக் கேட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் கானா அரசைப் பற்றி எழுதினார்; தங்க வணிகத்தில் செழித்த நாடு அது. 1050ஐ ஒட்டி மிசிசிப்பி ஆற்றங்கரையில் கஹோக்கியா பெருநகரமாக எழுகிறது. இதற்கு ஆண்டு உறுதியில்லை, புள்ளிக்கோடு போடுங்கள். சீனாவின் ரோலில் 1054 ஜூலையைக் குறியுங்கள்; அப்போது பகலிலும் தெரிந்த ஒரு விண்மீனை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அது வெடித்துச் சிதறிய ஒரு விண்மீன்; அந்த வெடிப்பின் எச்சம்தான் நண்டு நெபுலா என்ற வாயு மேகம். அதன் படத்தைத் தேடி ஒட்டும்போது, பக்கத்தில் அந்தப் படத்தை எடுத்த ஆண்டையும் சிறிதாக எழுதிவிடுங்கள்.