துன்ப நாளில் ஆண்டவர் நன்மையை நினைப்பது எப்படி? உபதேசியார் பதில்கள்

தவக்காலம் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம், அதனால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பாம்பன் தீவில் முப்பது வருஷமாக உபதேசியாராக, அதாவது கோவிலில் செபமும் ஞானப்பாடமும் நடத்துகிறவராக இருக்கிறேன். சாவு வீடுகளில் செபமாலை சொல்லிக் கற்றதுதான் என் படிப்பு.

தங்கச்சிமடம், ஒரு சகோதரி: வீட்டுக்காரர் போன படகு பிடிபட்டு ரெண்டு மாசமாக அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறார். கடன்காரர் வாசலில் நிற்கிறார். எல்லாரும் ‘ஆண்டவர் செய்த நன்மையை நினைச்சுப் பாரு’ என்கிறார்கள். எதை நினைக்க?

மகளே, முதலில் அழுது தீர். சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அழுகிற வாயை அடைக்க ஆண்டவரின் நன்மையை எடுக்கக் கூடாது. திருப்பாடல் 77ஐ வாசி. அதைப் பாடியவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. கடவுள் இரங்க மறந்துவிட்டாரா என்றே கேட்டுவிடுகிறார். பாதிப் பாட்டு இப்படிப் போன பிறகுதான் பழையதை நினைக்கத் தொடங்குகிறார். ஆண்டவரின் வழி கடலுக்குள் போனது, காலடித் தடமோ தெரியவில்லை என்கிறார். கடலில் தடம் நிற்காது என்பது நமக்குத் தெரியாததா? அவர் கஷ்டம் தீர்ந்ததாக அந்தப் பாட்டில் கடைசி வரை ஒரு வரிகூட இல்லை.

என் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன். என் மனைவி புற்றுநோயில் இறந்தாள். ஏழாம் நாள் பூசை முடிந்து, அவள் சேலைகளை எடுத்து வைக்க அலமாரியில் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. ‘கச்சான் காத்துல வள்ளம் கரைக்கு வந்துச்சு.’ ‘பெரியவனுக்கு அம்மை இறங்குச்சு.’ ‘மீன் இல்ல. மேல வீட்டு அக்கா அரைப்படி அரிசி தந்தாங்க.’ வருஷக்கணக்காக எழுதியிருக்கிறாள், நான் பார்த்ததே இல்லை. கடைசி வரி கீழே, கை நடுங்கி எழுதியது: ‘வலி தாங்கல. இன்னிக்குக் கஞ்சி இறங்குச்சு.’

ரெண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தாள். வலியை அழித்துவிட்டுக் கஞ்சியை மட்டும் எழுதவில்லை. வலி இருக்கிறதே என்று கஞ்சியை விட்டுவிடவும் இல்லை. உனக்கும் இன்றைக்கு அவ்வளவு போதும். அப்புறம், கடனைத் தனியாகச் சுமக்காதே. அன்பியக் கூட்டத்தில், அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கிற இடத்தில், வாய்விட்டுச் சொல்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் நம் கிறிஸ்தவக் கோவிலைப் பார்த்தேன். தன் கோவிலையே காப்பாற்றாதவர் நம்மை எப்படிக் காப்பாற்றுவார்?

நியாயமான கேள்வி தம்பி. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலை அலை கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்கிறவர் யாரையும் நான் நம்புவதுமில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே பேசியிருக்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா, இல்லை என்றார். ஏன் விழுந்தது என்று விளக்கவில்லை. நண்பர் இலாசரின் கல்லறைக்குப் போகும்போது அழவும் செய்தார். அழுகிற ஒருவரை நம்புவது எனக்கு முடிகிறது. அடுத்த முறை அங்கே போனால் அந்தப் பவளக்கல் சுவரைக் கையால் தொட்டுப் பார். அதற்குள் பூசை கண்ட சனங்களில் மிஞ்சியவர்கள் நம்பிக்கையை விடாமல்தான் இந்தத் தீவில் பிள்ளை வளர்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நான் ஞானப்பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

கீழக்கரை, ஒரு நண்பர்: எங்களுக்கு அய்யூப் நபி என்றாலே பொறுமை. உங்கள் யோபு இப்படிப் புலம்புகிறாரே, அது விசுவாசமா?

பாய், முதல் அதிகாரத்தில் ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று சொன்ன அதே மனுஷன் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கடைசியில் ஆண்டவர் கோபித்தது ஆறுதல் சொல்ல வந்து குற்றம் கண்டுபிடித்த நண்பர்களைத்தான். என் ஊழியன் யோபு பேசியதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபு புலம்பியதும் ஆண்டவரிடம்தானே, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லையே. உங்கள் மார்க்கத்திலும் அய்யூப் நபி தனக்குத் துன்பம் வந்துவிட்டதென்று இறைவனிடமே முறையிட்டதாக ஓர் ஆலிம் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

சின்னப்பாலம், ஓர் அம்மா: பாசி எடுக்கப் போய்க் கை கிழிந்து சீழ் வைத்துவிட்டது. ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு நேர்ந்துகொண்டும் ஆறவில்லை. நேர்ச்சையைச் செலுத்தணுமா?

அக்கா, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அதுதான் முதல். நேர்ச்சை என்பது வேலைக்குக் கொடுக்கிற கூலி இல்லை. ஆறாத கையோடு போய்ச் செலுத்தினாலும் அவர் ஏற்றுக்கொள்வார்.

தொண்டி, ஓர் இளைஞர்: ஓரியூரில் உயிர் கொடுத்த அருளானந்தர் மாதிரி தைரியம் நமக்கு வருமா? சின்னக் கஷ்டத்துக்கே நான் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அவர் சாவை மட்டும் பார்க்கிறோம் தம்பி. 1686இல் மறவர் நாட்டில் பிடித்து அடித்து வதைத்தார்கள். அப்புறம் தான் பிறந்த போர்த்துகலுக்கே போய்விட்டார். அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடி எப்படி வலிக்கும் என்று தெரிந்த உடம்போடு திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை விழுந்தது. எனக்கு அந்தத் திரும்பி வந்த பயணம்தான் பெரிது. நீயும் வரும் ஞாயிறு வந்து கடைசி வரிசையில் உட்கார். செபம் வரவில்லையென்றால் சும்மா இரு, பக்கத்தில் இருப்பவர் சொல்வார்.

மண்டபம், ஒரு தகப்பன்: பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுக்க?

இஸ்ரயேல் சனங்கள் யோர்தானைக் கடந்ததும் ஆற்றுக்குள்ளிருந்து 12 கல் எடுத்து வைக்கச் சொன்னார் ஆண்டவர். நாளைக்குப் பிள்ளைகள் ‘இது என்ன கல்?’ என்று கேட்க வேண்டும், அதற்காகத்தான். பிரசங்கம் வேண்டாம், பிள்ளை கேட்கிற மாதிரி வீட்டில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு 61 நாள் கரையில்தான் நிற்கும். வலை பொத்தும்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தப் பயணத்தில் எப்படித் தப்பினாய் என்று சொல். பயந்ததையும் சொல்.

என் வீட்டு அலமாரிக் கதவில் இடம் தீர்ந்துவிட்டது. பேத்தி அடுத்த கதவில் தொடங்கியிருக்கிறாள். நேற்று எழுதியிருந்தாள்: ‘தாத்தாவுக்கு முழங்கால் வலி. நண்டு அஞ்சு கிடைச்சுச்சு.’