கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவருக்கு டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று என்பது உண்மையா?

உலக அளவில் எண்ணிக்கை ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்த மூன்றில் ஒருவர் எப்போதோ தொற்றுக்கு ஆளாகி, ரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருளோடு (பழைய தொற்றின் நீடித்த அடையாளம்) இருப்பவர். பெரும்பாலும் அது கருவுக்குப் பாதுகாப்பே. கவலை எல்லாம் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றுபவர்களைப் பற்றியது. அவர்கள் சுமார் 1 சதவீதம்தான்.

இப்படி எதிர்ப்பொருளோடு இருக்கும் கர்ப்பிணிகளின் கணக்கு இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். தென் அமெரிக்காவில் பாதிக்கும் மேல்; கிழக்கு ஆசியாவில் மிகக் குறைவு. பிரான்ஸில் 1995-இல் 54 சதவீதமாக இருந்தது, 2016-இல் 31 ஆக இறங்கிவிட்டது. நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் குறையக் குறைய, எதிர்ப்பொருள் இல்லாத கர்ப்பிணிகள் கூடுகிறார்கள். அவர்களுக்கு அங்கே பிரசவம் வரை மாதாமாதம் ரத்தப் பரிசோதனை உண்டு.

ஆரம்ப மாதங்களில் தொற்றினால் கருவுக்குப் பரவும் வாய்ப்பு குறைவு, பரவினால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் நேர்மாறு. இந்த ஒட்டுண்ணி பூனையின் மலம் வழியாகவும் பரவும் என்பதால் பழியெல்லாம் பாவம், வீட்டுப் பூனைமேல் விழுகிறது. அரைவேக்காட்டு இறைச்சியையும் சரியாகக் கழுவாத கீரையையும் யாரும் கண்டுகொள்வதில்லை.

தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் பாசிட்டிவ் என்று ஒரு அறிக்கை வந்தாலே பதற வேண்டாம். அது மாதக்கணக்கில் நீடிக்கும். தொற்று புதியதா பழையதா என்று பிரித்தறிய, ஐஜிஜி எதிர்ப்பொருள் எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்க்கும் அவிடிட்டி பரிசோதனை இருக்கிறது.