பட்டாவா, பழைய கெப்பா? மரக்கறி ஏற்ற வாகனம் தேடும் வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, எங்கட ஊர் கொக்கட்டிச்சோலைக்கு உள்ள. கத்தரி, பயிற்றை, வெண்டி செய்யிறம். கிழமையில மூண்டு நாள் மட்டக்களப்புச் சந்தைக்கு மரக்கறி போகணும். வெள்ளாமை வெட்டுற நேரம் எங்கட நெல்லும், காசுக்குப் பக்கத்து வளவுக்காரங்கட நெல்லும் ஏத்தலாம். இப்ப வாடகைக்குத்தான் பிடிக்கிறம், வாற லாபத்துல பாதி அதுக்கே போகுது. கையில பதினாறு லட்சம் கிடக்கு. ரெண்டு வாகனம் வந்திருக்கு. ஒண்டு வாழைச்சேனையில ஒரு மீன் வியாபாரிட டிமோ பட்டா, 2013ஆம் ஆண்டு, பெயின்ட் எல்லாம் புதுசு. மற்றது அம்பாறையில நிஸான் சிங்கிள் கெப். பழசு, ஆனா எஞ்சின் நல்லம் எண்டுறாங்க. 'ஓப்பன் பேப்பர்'ல கிடக்கு. அதுக்கு மச்சானிட்ட கொஞ்சம் கடன்படணும். எதை எடுக்கலாம்? என்னென்ன பார்க்கணும்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதில் இரண்டு இடங்கள் என் கண்ணில் உடனே பட்டன. ஒன்று 'மீன் வியாபாரி', மற்றது 'ஓப்பன் பேப்பர்'. விலை, ஆண்டு, எஞ்சின் எல்லாம் அதற்குப் பிறகுதான். எஞ்சின் போனால் காசு செலவழித்துக் கட்டிவிடலாம். எந்தக் கராஜிலும் அது நடக்கும். துருப்பிடித்து இற்றுப்போன செசியையும் (வாகனத்தின் அடிச்சட்டம்), சொந்தக்காரன் யாரென்று தெரியாத பேப்பரையும் யாராலும் கட்டித்தர முடியாது. நம் பகுதியில் பழைய வாகனம் வாங்கி நொந்துபோகிறவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றால்தான் நொந்துபோகிறார்கள்.

முதலில் உங்கள் வேலைக்கு எந்த வகை பொருந்தும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பட்டா என்பது டாட்டா ஏஸ் என்ற சின்ன லொறி. 702 சீசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைவலு. எஞ்சின் சாரதியின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஏற்றக்கூடிய பாரம் ஏறத்தாழ 750 கிலோ. ஒரு நெல் மூட்டையை 65 கிலோ என்று வைத்தால் பதினொரு மூட்டை. இருபது மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற பட்டாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓடிய வாகனம்தான் பிறகு 'நல்ல கண்டிசன்' என்று விலைக்கு வருகிறது. மரக்கறிக்கு இந்தப் பாரம் தாராளம். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் ஏறி மட்டக்களப்புக்கு வர வழியில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆகவே சிறிய எஞ்சினும் திணறாது. டீசலும் குறையக் குடிக்கும். செங்கலடியால் பதுளை வீதியில் மலையேற நினைத்தால் மட்டும் பட்டா பொறுமையைச் சோதிக்கும்.

நிஸான் கெப் ஒரு தொன் அளவுக்குத் தாங்கும், வயல் வரம்பு வழியிலும் போகும். அந்தக் காலத்து நிஸான் கெப்களில் வரும் டிடி வகை டீசல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட் கிடையாது, பற்சக்கரம்தான். பெல்ட் அறுந்து வால்வு வளையும் பயம் இல்லை. டொயோட்டா ஹைலக்ஸின் எல் வகை எஞ்சின்கள், மிட்சுபிசி எல் 200இன் 4டி56 போன்றவற்றில் பெல்ட் இருக்கிறது. எப்போது மாற்றினார்கள் என்று சொல்லத் தெரியாவிட்டால் வாங்கிய கிழமையே மாற்ற வேண்டும். ஆனால் வயதான கெப்புக்கு டீசலும் கூடுதல், திருத்தச் செலவும் கூடுதல். கிழமையில் மூன்று நாள் கத்தரிக்காய் ஏற்ற அது தேவையில்லை. கடன்பட்டு வாங்கத் தேவையே இல்லை.

ஆக, வகை என்றால் பட்டா. அந்த வாழைச்சேனைப் பட்டாவா என்பது வேறு கதை.

மீன் பெட்டியில் ஐஸ் உருகும்போது வடிகிற தண்ணீர் உப்பும் மீன் நீரும் கலந்தது. அது சாமான் ஏற்றும் தட்டின் இடுக்கு வழியாக இறங்கி நேரே செசியில் விழுகிறது. சேறு ஒட்டிய மடிப்புகளுக்குள் போய்க் காயாமல் கிடக்கிறது. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் அதோடு சேரும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருக்கும். 'பெயின்ட் எல்லாம் புதுசு' என்பதை நீங்கள் ஒரு நல்ல குணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சந்தேகத்தைத்தான் கூட்டுகிறது. விற்கிறவர் எதற்காக விற்கும் நேரத்தில் பெயின்ட் அடிக்கிறார்? அடிப்பக்கத்துக்கும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கவனம்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு காந்தம், ஒரு டோர்ச், படுக்க ஒரு சாக்கு கொண்டுபோங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். வாகனத்துக்கு அடியில் படுத்து, செசியின் இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். இற்றது மந்தமாகக் கேட்கும், பொருக்கு உதிரும். பின் ஸ்பிரிங் பட்டைகள் செசியில் மாட்டும் கைகள், தட்டு செசியில் உட்காரும் இடங்கள், கெபின் மாட்டும் புள்ளிகள் ஆகியவற்றில் அதிக நேரம் நில்லுங்கள். பாரம் முழுவதையும் சுமப்பது அவைதான். அங்கே மேலோட்டமாகத் தகடு வைத்து ஒட்டிய வெல்டிங் இருந்தால் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும். காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சில்லு வளைவிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. கதவில் கொஞ்சம் பட்டி இருப்பது பெரிய குற்றமில்லை, அது டிங்கர் வேலையோடு போகும். பிரேக் ஒயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களையும் பாருங்கள். துரு தின்ற குழாய், பாரத்தோடு அவசரமாகப் பிரேக் மிதிக்கும் அன்றைக்குத்தான் வெடிக்கும்.

இதற்காகத்தான் சொல்கிறேன், கரையோரத்தில் தேடாமல் உள்நாட்டுப் பக்கம் தேடுங்கள். அம்பாறை நகரம், உகணை, மகியங்கனை. பிஸ்கட், சோடா, பலசரக்கு விநியோகித்த பட்டாக்கள் அதிக தூரம் ஓடியிருக்கும், மீற்றரில் என்ன காட்டினாலும் நம்ப வேண்டாம். ஆனால் அவை பெரும்பாலும் காய்ந்த சாமான் ஏற்றியவை, நேரத்துக்கு ஒயில் மாற்றியவை. அடி நன்றாக இருக்கும். மலைப்பக்கம் ஓடியது என்றால் கிளச்சையும் பிரேக்கையும் கூடுதலாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

உள்நாட்டு வாகனத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு, வெள்ளம். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் நாட்டின் பல பக்கங்களில் வாகனங்களை மூழ்கடித்தது. அப்படி மூழ்கிய வாகனம் கழுவித் துடைக்கப்பட்டு எந்த ஊருக்கும் விற்பனைக்கு வரலாம். நம் படுவான்கரையில் மாரிக்குத் தண்ணீர் பாயும் வீதிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வாகனம் குளித்திருக்கிறது. சீட் ஆணிகளின் துரு, டாஷ்போர்டுக்கு அடியில் வயர்களுக்குள் ஒட்டிய களி ஆகியவையும் பொய் சொல்லாது. பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலின் ஒயில் அடைப்பைக் கழற்றி விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. காலையில் போங்கள், ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லுங்கள், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விடலாம். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. பாரமில்லாமலே கரும்புகை தள்ளினால் இன்ஜெக்டரோ பம்போ வேலை கேட்கிறது. 2022 நெருக்கடியில் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், அதற்கு விலை கொடுப்பது பம்ப்தான். ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டரில் குமிழி, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் என்றால் கஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட் வெடித்திருக்கிறது. இவை எல்லாமே பேரம் பேசப் பயன்படும் குறைகள். ஓடிப்போக வேண்டியவை அல்ல. உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். விற்கிறவர் காட்டும் கராஜில் சோதிப்பதும் சோதிக்காததும் ஒன்றுதான்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பழைய ரயர் பாரம் தாங்காது.

இனி பேப்பர். அம்பாறைக் கெப்பின் எஞ்சின் நல்லதாகவே இருக்கட்டும். ஓப்பன் பேப்பர் என்றால், பதிவுச் சான்றிதழில் பெயருள்ளவர் எப்போதோ பெயர்மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், அதை வைத்துக்கொண்டு வாகனம் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உங்களுக்கு விற்பவர் சட்டப்படி அந்த வாகனத்துக்கு யாருமில்லை. கையெழுத்துப் போட்டவர் இறந்திருக்கலாம், கட்டாரில் இருக்கலாம், கையெழுத்தே அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம். விற்கிறவர் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றுதான் சட்டம். அந்த ஒழுங்கைப் பார்க்காமல் வருடக்கணக்காக ஓடிய வாகனம் இது.

கெப் மேல் மனம் விடவில்லை என்றால் ஒரேயொரு நிபந்தனை வையுங்கள். பதிவில் பெயருள்ளவர் தன் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும், உங்கள் முன்னால் எம்டிஏ 6 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வாங்குபவராக நீங்கள் எம்டிஏ 8 நிரப்புவீர்கள். அவர் வெளிநாட்டில் என்றால் முறையான அற்றோனித் தத்துவம் இருக்க வேண்டும். 'தம்பிதான் பார்க்கிறார்' என்பது போதாது. பெயர்மாற்றத்துக்கு இப்போது வரி அடையாள இலக்கமும் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

எந்த வாகனமானாலும் சான்றிதழில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடன் முடிந்த கடிதம் கைக்கு வராமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். சான்றிதழின் பிரதியை நம்பாமல், திணைக்களத்தில் பதிவு விவரங்கள் அடங்கிய, உறுதிப்படுத்திய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கான சின்னக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். செசி இலக்கத்தை டோர்ச் அடித்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அரைத்த தடம், சுற்றிலும் வெல்டிங் இருந்தால் பேச்சை நிறுத்துங்கள். எஞ்சின் இலக்கமும் பொருந்த வேண்டும். மாற்றிய எஞ்சின் குற்றமில்லை, மாற்றியது பதியப்பட்டிருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் கேட்க நினைக்காத ஒரு கேள்வியை நம் மாவட்டங்களில் கட்டாயம் கேட்க வேண்டும்: இந்த வாகனம் மரம், மணல், மாடு ஏற்றிப் பிடிபட்டதா? வன வழக்கில் பிடிபட்ட வாகனம் பிணைமுறியில் விடுவிக்கப்பட்டுச் சொந்தக்காரர் கையில் ஓடிக்கொண்டிருக்கலாம், வழக்கு முடியாமல் இருக்கலாம். தண்டனை என்றால் வாகனம் அரசுடைமை. காசு கொடுத்தவர் நீங்கள் என்பது நீதிமன்றத்தில் எடுபடும் என்று எண்ணாதீர்கள். விற்பவரின் ஊரில் இரண்டு கடைகளில் தேத்தண்ணி குடித்தால் இந்தச் செய்தி தெரிந்துவிடும்.

காசுக் கணக்கு: பதினாறில் பதின்மூன்றுக்கு மேல் வாகனத்துக்குப் போட வேண்டாம். மிச்ச மூன்று, வாங்கிய பிறகு வரும் செலவுக்கு. எல்லா ஒயில்களும் ஃபில்டர்களும், பிரேக் சூ, பற்றரி, தேவையென்றால் ரயர், பெயர்மாற்றம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம். லொறி என்று பதிவான வாகனத்துக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும், பழைய அனுமதிப்பத்திர நிலுவை இருந்தால் அதை விலையில் கழியுங்கள். பதின்மூன்றுக்குள் நல்லது அகப்படாவிட்டால் இன்னும் சில மாதம் வாடகை வாகனத்தோடு இழுத்துக்கொண்டு போகலாம். அறுவடை நெருங்கும்போது எல்லாரும் தேடுவார்கள், அந்த நேரம் விலை பேசப் போகாதீர்கள்.

கடைசியாக, பக்கத்து வளவுக்காரரின் நெல்லைக் காசுக்கு ஏற்றப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காப்புறுதி எடுக்கும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று எழுதிய காப்புறுதியில், கூலிக்கு ஏற்றும்போது விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் கூடும், அதை ஏற்றுக்கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.